முதல் ஆட்டம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் கற்றறிந்தோர் இலக்கியம் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவன். ரெயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. செயலாளர் அவர்கள் என்னைப் பேசப் பணித்தது என் புலமை கருதி அன்று. ஞாயிறு மாலைகளில் நம் குழந்தைகள் என் வீட்டு வராந்தாவில் கூடிக் கூச்சலிடுவது ஏன் என்பதைச் சபைக்கு விளக்குதல் வேண்டும் என்பதற்காகவே. அங்கே சூதாட்டம் நடக்கிறதோ எனச் சிலர் ஐயுற்றதாகவும் கேள்வி. பகடை உருள்வது மெய்தான், பணம் உருள்வதில்லை.

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். "காட்டுப் பாதை இருள்கிறது, புதரில் சலசலப்பு. நீ என்ன செய்கிறாய்?" என்று நடத்துபவர் கேட்பார். குழந்தை தன் வாயால் விடை சொல்ல வேண்டும். சொன்னது கைகூடுமா என்பது ஐயமானால் பகடை தீர்ப்பளிக்கும். இவ்வளவே ஆட்டம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதை வெளியிட்டனர். பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது அது. இன்று இவ்வகை ஆட்டங்கள் எண்ணற்றவை. ஆகவேதான், புதியவர்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்னும் கேள்வி எழுகிறது.

இதில் முதலில் நான் தவறினேன். என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து அவ்வாட்டத்தின் பெருநூல்கள் மூன்றையும் கொணர்ந்தான். ஒவ்வொன்றும் முந்நூறு பக்கத்துக்கு மேல். ஒரு மாதம் கண்விழித்துப் படித்தேன். பிறகு ஆறு குழந்தைகளை அமர்த்தி, பாத்திரங்களை உருவாக்கும் படிவங்களை நிரப்பச் சொன்னேன். வலிமை எவ்வளவு, கவசம் எது, மந்திரம் எத்தனை என்று எழுதி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. ஒரு சிறுமி, "மாமா, கதை எப்போது?" என்றாள். அடுத்த வாரம் இருவரே வந்தனர்.

அன்றிரவு என் உத்தியோகத்தின் முதல் நாள் நினைவுக்கு வந்தது. மூத்த குமாஸ்தா என் கையில் கட்டண விதிப் புத்தகத்தைக் கொடுத்தாரா? இல்லை. பக்கத்தில் அமர்த்தி, "இந்த ஒரு ரசீதை எழுது" என்றார். விதிகள் ஒவ்வொன்றாகத் தேவைப்பட்டபோது வந்து சேர்ந்தன.

ஆகவே, ஆட்டத்தின் பெருமையை அளக்காதீர்கள். பெட்டியைத் திறந்ததிலிருந்து முதற்குழந்தை வாய் திறப்பதுவரை எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள்.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒற்றைப் பக்க ஆட்டம் ஒன்றையும் ஆடிப் பார்த்தோம். ஜான் ஹார்ப்பர் 2013-இல் வெளியிட்ட 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. விண்கலத்து மாலுமிகள் கதை. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் ஓர் எண்ணைத் தேர்ந்தால் பாத்திரம் ஏறக்குறைய ஆயத்தம். ஐந்தே நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிட்டது. ஆனால் அரைமணியில் நான் திணறினேன். விதி சுருங்கினால் கற்பனைச் சுமை முழுதும் நடத்துபவர் தலையில் ஏறுகிறது. ஆடுவோரைப் போலவே நடத்துவோரும் புதியவர் என்பதை நான் மறந்திருந்தேன்.

'கால் ஆஃப் க்துலு' என்பது 1981-இல் வந்தது. திறமை அறுபது என்றால் நூற்றில் அறுபது வாய்ப்பு; கணக்கு அவ்வளவு தெளிவு. எனினும் அதன் பொருள் அச்சமும் அறிவு கலங்குதலும். மணமாகாத நம் இளைஞர்கள் கூடிவாழும் விடுதிக்குப் பொருந்தும்; பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

முடிவில் கைகொடுத்தது, முதலில் சொன்ன ஆட்டத்துக்கே 2014-இல் வந்த தொடக்கப் பெட்டி. அதன் பின்னர் வேறு தொடக்கப் பெட்டிகளும் வந்துள்ளன. விதிநூல் 32 பக்கம், கதைநூல் 64 பக்கம், நிரப்பி முடித்த பாத்திரங்கள் ஐந்து, பகடைகள் ஆறு. கதையின் தொடக்கமோ, ஒரு சரக்கு வண்டியைப் பத்திரமாக ஊர் சேர்ப்பது! சரக்குக் குமாஸ்தாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவ்வாட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 சனவரியில் எவரும் எடுத்தாளவும் மொழிபெயர்க்கவும் உரிமம் கொடுத்து வெளியிட்டனர். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். வேண்டிய பகுதிகளை நான் தமிழில் எழுதிக்கொண்டேன். எங்கள் வராந்தாவில் ஒரே ஒரு சொந்த விதி உண்டு: அந்நாட்டுக் காவலர்க்கும் பூதங்களுக்கும் தமிழ் மட்டுமே விளங்கும்.

பள்ளியிலும் தெருவிலும் நம் பிள்ளைகளுக்கு இந்திதான். அதில் குற்றமில்லை. ஆனால் ஊரிலிருந்து பாட்டி வந்தால் பேரன் தலையாட்டியே காலம் தள்ளுகிறான். அப்படியொரு பையன் மூன்று ஞாயிறு வாய் திறவாமல் பகடை மட்டும் உருட்டினான். நான்காம் ஞாயிறு, வண்டியை மறித்த குட்டிப் பூதம் ஒன்று அகப்பட்டது. கொன்றுவிடலாம் என்றனர் மற்றவர். அவன் எழுந்து நின்று, "வேண்டாம். அதுக்குப் பசிக்கும். முதலில் சோறு குடுங்க. அப்புறம் கேட்டால் சொல்லும்" என்றான். சொல்லுக்குச் சொல் தேடித்தான் பேசினான், எவரும் சிரிக்கவில்லை. அன்றிரவு திருநெல்வேலியிலிருக்கும் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, பூதத்தின் கதையை அரைமணி நேரம் சொன்னானாம். அவன் அன்னையார் இச்சபையில்தான் அமர்ந்திருக்கிறார்.

எனக்கு மாற்றல் உத்தரவு வரும் காலம் நெருங்குகிறது. பெட்டியைச் சங்கத்துக்கே விட்டுச் செல்வேன். கதையை நடத்த ஒருவர் வேண்டும். தாய்மார்களில் ஒருவர் முன்வந்தால் மிக நன்று. 96 பக்கம் படிக்க ஒரு வாரம் போதும். இரண்டு ஞாயிறு நான் பக்கத்தில் அமர்கிறேன். மாலை நான்கு மணிக்கு வாருங்கள். நான்கு முகப் பகடை ஒன்று காணாமற் போயிருக்கிறது. எவர் வீட்டுப் பிள்ளையின் சட்டைப் பையிலேனும் அகப்பட்டால் கொடுத்தனுப்புங்கள்.