வானம் பார்த்த பூமி

கிறிஸ்தவ வேதம் கிருபை என்று சொல்வது, மல்லாங்கிணற்றுப் பக்கத்துச் சம்சாரிக்குப் புதிய சங்கதி அல்ல. ஊர்ப் பெயரில் கிணறு இருந்தாலும் சுற்றியுள்ள கரிசல் காடுகள் பெரும்பாலும் மானாவாரி. உழுது, பருத்தியும் சோளமும் மல்லியும் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். உழவு அவன் கையில். மழை அவன் கையில் இல்லை.

உபாகமம் 11-ஆம் அதிகாரத்திலும் இதே நிலம் வருகிறது. எகிப்தில் கீரைப்பாத்திக்குப் போல மனிதன் தானே தண்ணீர் பாய்ச்சினான். இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட கானானோ வானம் பார்த்த பூமி. ஆனால் அங்கே மழைக்கு நிபந்தனை உண்டு: கீழ்ப்படிந்தால் முன்மாரியும் பின்மாரியும் வரும், மீறினால் வானம் அடைபடும். இயேசு மலைப்பிரசங்கத்தில் இதைக் கடந்துபோகிறார். மத்தேயு 5:45-இல் நல்லவன் காட்டிலும் கெட்டவன் காட்டிலும் ஒரே மழை பெய்கிறது. கிருபையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பவுல் அதைக் கூலிக் கணக்காக விளக்குகிறார். ரோமர் 4-ஆம் அதிகாரப்படி, வேலை செய்தவனுக்குக் கொடுக்கும் கூலி தயவல்ல, தீர்க்க வேண்டிய கடன். கிருபையோ உழைத்துச் சம்பாதிக்க முடியாதது. அதற்கான கிரேக்கச் சொல் 'காரிஸ்'. 'காரிஸ்மா' என்றால் இலவசமாகத் தரப்படும் வரம்.

இரட்சிப்பு என்பதும் சாவுக்குப் பிறகு வருவது மட்டுமல்ல. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அலைக்கழிந்து, கைப்பணத்தையெல்லாம் வைத்தியத்துக்கே செலவழித்த ஒரு பெண், கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் உடுப்பைத் தொடுகிறாள். அவள் சுகமானதைச் சொல்லும் கிரேக்க வினைச்சொல்லும் இரட்சிப்பைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒன்றே. உடம்பு தேறுவதும் பாவத்திலிருந்து விடுபடுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன.

அப்படியானால் நற்செயல் எதற்கு? எபேசியர் 2-ஆம் அதிகாரம் இரட்சிப்பு கிருபையின் ஈவு என்கிறது. உடனேயே, மனிதர் படைக்கப்பட்டது நற்செயலுக்காக என்றும் சொல்கிறது. எபிரெயர் 6-ஆம் அதிகாரம் இன்னும் கண்டிப்பானது: மழையைக் குடித்த நிலம் பயிரும் தரலாம், முள்ளும் தரலாம், முள் விளைந்த நிலத்துக்கு நெருப்புதான்.

தமிழில் சீர்திருத்தச் சபையார் கிருபை, இரட்சிப்பு என்பார்கள். கத்தோலிக்கர் அருள், மீட்பு என்பார்கள். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியான தம் காப்பியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயரிட்டார். ஐரோப்பாவில் இதே பொருள் 16-ஆம் நூற்றாண்டில் திருச்சபையையே பிளந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: மனிதனின் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் அவனை ஏற்றுக்கொள்கிறார்.