எரேமியாவின் கடிதம்



கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் இரண்டே ஆண்டில் திரும்புவார்கள் என்றார் அனனியா. கேட்க இனிமையான பேச்சு! எரேமியாவோ, எழுபது ஆண்டு ஆகும். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகருக்காகச் செபியுங்கள் என்று கடிதம் எழுதினார். அதைக் கேட்ட முதியவர்கள் எருசலேமை மறுபடி பார்க்கப்போவதில்லை. ஆனாலும் ஆண்டவருடைய திட்டத்தில் அவர்களும் இருந்தார்கள்.

நம் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பலர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கேட்காமலே இரு அரசுகள் எழுதிய ஒப்பந்தம் அது. அவர்கள் டான்டீயில் நட்ட செடிகளில் இன்றும் கொழுந்து எடுக்கிறோம். ஓய்வுபெற்றால் லைன் வீடு என்னாகும் என்ற கலக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. சீக்கிரம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் அது அனனியாவின் பேச்சு. செபமாலை சொல்லுங்கள், வீட்டுமனைக்கு மனுவும் கொடுங்கள். எழுதத் துணை வேண்டுமானால் உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள்.