விட்ட இடத்திலிருந்து

அம்மை போட்டு ஒரு வாரம் லீவு எடுத்த பிள்ளை திரும்பி வந்தால், பாடம் எங்கேயோ போயிருக்கும். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகள் இதற்கு ஒரு வழி கண்டன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது 'செயல்வழிக் கற்றல்' என்று தொடங்கி, 2007-இல் தமிழ்நாடெங்கும் பரவியது.

பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். எது அடுத்தது என்று காட்ட, சுவரில் ஓர் ஏணிப்படம். பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். பக்கத்துப் பிள்ளை எங்கே இருந்தால் என்ன! சுவரின் அடியில், கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைக்கு ஒரே ஆசிரியர் என்றால், அட்டை எடுத்துக் கொடுக்கவே அவருக்குப் பொழுது சரியாகிவிடும்.