நடக்க ஓர் இடம் வேண்டும்



ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நடப்பது விசாரணைதான். இனிப்பை அள்ளித் தின்றாயா, வாயைக் கட்டவில்லையா, உடம்பு வளைந்து வேலை செய்யவில்லையா என்று ஆளுக்கொரு கேள்வி. டாக்டரும் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்கிறார். சரியான அறிவுரை. ஆனால் அந்த அம்மா எங்கே போய் நடப்பார்? அவர் தெருவில் நடைபாதையின் மேல் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. மிச்சமிருக்கும் இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. விடிகாலையில் போகலாம் என்றால் நாய்க்குப் பயம், இருட்டிய பிறகு போகலாம் என்றால் விளக்கெரியாத முனைக்குப் பயம். எங்கே நடப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த அம்மா அல்ல. இந்த நகரமும், இங்கே கூடியிருக்கும் நாமும்தான். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

இதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகனின் ஆய்வுக் குழு இரண்டு குடியிருப்புகளுக்குப் போனது. ஒன்று திருமங்கலத்தில் இருக்கும் ஏசியாட் காலனி, நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் இடம். மற்றது தியாகராய நகரில் இருக்கும் பாரதி நகர், அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் வாழும் இடம். 20 வயது நிறைந்தவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏசியாட் காலனியில் 100 பேரில் 12.4 பேருக்குச் சர்க்கரை. பாரதி நகரில் 6.5 பேருக்கு. 'பணக்கார வியாதி' என்று நம் ஊரில் சொல்லி வந்த பேச்சு அன்றைக்கு ஓரளவு மெய்யாகத்தான் இருந்தது.

அதன்பின் ஏசியாட் காலனிக்காரர்கள் செய்ததுதான் முக்கியம். ஆய்வுக் குழு விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தியது. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நடப்பதற்கு இடம் வேண்டும் என்று கூடிப் பேசி, தாங்களே பணம் போட்டு, தங்கள் காலனிக்குள் பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் நடைப்பயிற்சியோ உடற்பயிற்சியோ செய்தவர்கள் அதற்கு முன்பு 14.2 சதவீதம். பிறகு 58.7 சதவீதம். அதே மனிதர்கள், அதே வேலை, அதே குடும்பப் பாரம். இடம் கிடைத்தது, நடந்தார்கள்.

பத்தாண்டு கழித்து இரண்டு இடங்களையும் மறுபடி சோதித்தார்கள். ஏசியாட் காலனியில் 15.4. பாரதி நகரில் 15.3! ஒரு பக்கம் நோய் மெல்ல ஏறியிருக்கிறது, மறுபக்கம் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. பூங்கா ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வருமானம், படிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஆனாலும் என் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. கையில் காசு சேர்த்துப் பூங்கா போட முடிந்தவர்கள் போட்டுக்கொண்டார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் குடும்பம் யாரிடம் போய்ப் பூங்காவுக்கு வசூல் செய்யும்? அங்கேதான் மாநகராட்சி முதலில் போய் நிற்க வேண்டும்.

தடுக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். 'பார்டர்ல இருக்கு' என்கிறோமே, அந்த நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தொடர்ந்து கூட இருந்து சாப்பாடும் நடையும் திருத்தப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. கூட இருந்து என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனால் இது நடக்காது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் பார்டரில் என்று கணக்குச் சொல்கிறது. அந்த 13.6 கோடியில் நம் தெருக்காரர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு அது தெரியாது.

யார் என்று கண்டுபிடிக்க முதலில் ரத்தம்கூட எடுக்க வேண்டாம். தையல் கடையில் இருக்கும் இந்த இஞ்ச் டேப் போதும். (டேப்பை உயர்த்திக் காட்டுகிறார்.) சென்னையில் உருவான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நாலே கேள்வி. வயது என்ன, இடுப்புச் சுற்றளவு என்ன, உடம்பு அசையும் வேலை உண்டா, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா. இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தொட்டாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும். மொத்தம் 60 வந்துவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். சேலையின் மேலேயோ பெல்ட்டின் மேலேயோ அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும்.

நோய் வந்த பிறகு காப்பதற்கும் நமக்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. நம் தெருவுக்கு வரும் தன்னார்வலர் தங்கையைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்து, எண்ணைச் சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். ஆனால் அவர் வரும்போது வீட்டில் இருப்பது பாட்டியும் தாத்தாவும்தான். சித்தாள் வேலைக்குப் போன மருமகளும், ஆட்டோ எடுத்துப் போன மகனும் அந்த நோட்டில் ஏறுவதே இல்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும் பெண்களும் அப்படித்தான் விட்டுப்போகிறார்கள். பின்னாளில் அது திரும்பி வரும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

இன்னொன்று. "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்ற பேச்சை நம் தெருவை விட்டே விரட்ட வேண்டும். கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பாகற்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், நாளைக் காலை மறுபடி டாக்டரைப் பாருங்கள். கால் மரத்துப் போனவர்கள் தினமும் ராத்திரி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். ஆணி ஏறினாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பதுதான் அங்கே ஆபத்து.

இங்கே வந்திருக்கும் நம் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைக் காலை ஐந்திலிருந்து ஏழு வரை திறந்துவிடச் சொல்லுங்கள். நம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பைச் சுற்றி இருக்கும் பாதைக்கு விளக்குப் போட்டுத் தாருங்கள். பூங்காவில் பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறை வேண்டும். அது இல்லாததாலேயே நடக்க வராத பெண்கள் நிறைய.

நம் பங்குக்கு, வரும் சனிக்கிழமை ரேஷன் கடை வாசலில் மேசை போடுகிறோம். டேப் வாங்கியாகிவிட்டது. நோட்டும் இருக்கிறது. அளப்பதற்கும் எழுதுவதற்கும் ஆட்கள் வேண்டும், பெண்களை அளக்கப் பெண்களே வேண்டும். மதிப்பெண் கூடியவர்களைக் கையோடு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகவும் ஆள் வேண்டும். ஆறரை மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்காக ஐந்தரைக்கே தொடங்குகிறோம். வர முடிந்தவர்கள் வெளியே போகும்போது இந்த நூலகக் கூடத்தின் வாசலில் இருக்கும் நூலகர் அம்மாவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.