பழைய பியூஸ் போர்டும் நம் இல்லங்களும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விவாகச் செலவு, வித்தியா நிதி முதலிய விஷயங்களையே இம்மேடையில் கேட்டுப் பழகிய தங்களுக்கு, வீட்டு நடையில் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஒரு மரப்பலகையைக் குறித்து நாம் பேச வந்தது விநோதமாகத் தோன்றலாம். சென்ற ஆடி மாதத்தில் நம்மவர் இல்லமொன்றில் நேர்ந்த சம்பவமே இதற்குக் காரணம். ஈரக்கையோடு மாவரைக்கும் கிரைண்டரைத் தொட்ட மருமகப்பெண்ணை மின்சாரம் பற்றிக்கொண்டது. மாமியார் ஓடிச்சென்று மெயின் சுவிட்சை அணைத்ததால் அப்பெண் உயிர் தப்பினாள். அவ்வளவு நேரமும் பியூஸ் போகவேயில்லை. "பியூஸ் இருந்தும் ஏன் போகவில்லை?" என்று அவ்வீட்டார் நம்மை வினவினர். அவ்வினாவுக்கு விடையே இப்பிரசங்கம்.

பியூஸ் என்பது மனிதனைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று. சுவரில் ஓடும் ஒயரைக் காப்பதற்கு ஏற்பட்டது. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், பீங்கான் கட்டையிலுள்ள மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். ஐந்து ஆம்பியர் பியூஸ் என்றால், 5,000 மில்லி ஆம்பியர் வரையில் அது வாளாவிருக்கும். மனித தேகத்துக்கோ பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த பிடியை விட இயலாமற்போகிறது. முப்பதுக்கு மேல் சிறிது நேரம் நீடித்தால் பிராணாபாயம் உண்டு. 230 வோல்ட்டில் ஈரக்கை வழியாக இருநூறு மில்லி ஆம்பியர் பாயக்கூடும். அது ஆளைக் கொல்லப் போதும். பியூஸைப் போக்கப் போதாது. அவ்வீட்டுக் கிரைண்டரின் பிளக்கில் எர்த் பின் ஒடிந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பைக்காரா மின்சாரம் 1932-ஆம் ஆண்டில் பிறந்த பின்னர், நம் ஜில்லாவின் தொட்டிக்கட்டு வீடுகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெற்றன. அக்காலத்து வீட்டுக்கு நாலைந்து விளக்குகளே. மிஞ்சினால் ஒரு ரேடியோ. அந்தப் பலகைகளில் சில இன்றும் கழற்றப்படவில்லை. அவற்றின் தலையில் பிரிட்ஜ், கீசர், ஏ.சி. அனைத்தையும் ஏற்றிவிட்டோம். ஐந்து ஆம்பியருக்குரிய ஈயம் பூசிய தாமிரக் கம்பி 0.2 மில்லிமீட்டர் கனமே இருக்கவேண்டும், பதினைந்துக்கு 0.5. நாமோ அடிக்கடி போகிறதென்று சலித்து, ஒயரிலிருந்து இழைகளை உருவி முறுக்கிக் கட்டுகிறோம். அதன் பின்னர் பியூஸ் போகாது, சுவருக்குள் ஒயர்தான் வேகும். இக்குற்றத்தை நாமும் நம் இல்லத்தில் செய்திருக்கிறோம்.

இன்னொரு கேடும் பழைய பலகைகளில் உண்டு. பேஸ், நியூட்ரல் இரண்டிலும் பியூஸ் கட்டை வைத்திருப்பார்கள். நியூட்ரல் பக்கம் மட்டும் போய்விட்டால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். மின்சாரம் இல்லையென்று நம்பி பல்பு மாற்ற ஏறுகிறவன் கதி என்ன? நியூட்ரலில் தனிப் பியூஸ் கூடாதென்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே கூறிவிட்டன.

ஆகவே பலகையை மாற்றவேண்டும். தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. என்னும் கருவியை ஜெர்மனியில் ஹியூகோ ஸ்டாட்ஸ் என்பார் 1924-லேயே அமைத்தார். அது பியூஸின் வேலையைச் செய்வது. அதுவும் ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுவதும் திரும்பியதா என்று அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், கண்ணிமைக்கும் பொழுதில் துண்டித்துவிடும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பெட்டியை மட்டும் புதிதாக்கி ஒயரைப் பாராதிருத்தல் பழைய குடிசைக்கு இரும்புக் கதவு போடுவதை ஒக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குப் பத்து ஆம்பியர், 2.5-க்குப் பதினாறு என்பதே பொதுவான அளவு. அடிக்கடி விழுகிறதென்று பதினாறை எடுத்துவிட்டு முப்பத்திரண்டைப் போட்டால், பழைய முறுக்குக் கம்பிக் கதையே திரும்பிவிடும். ரப்பர் உறையிட்ட ஒயர் தேக்குக் கட்டைக்குள் இன்னும் ஓடும் வீடுகளில் அந்த ஒயரையும் மாற்றியே தீரவேண்டும். எர்த் குழியைச் சோதியுங்கள். கோடையில் மண் வறண்டால் அதன் பயன் குன்றும். பழைய வீடுகளில் இரண்டு அறைகளின் நியூட்ரல்கள் கலந்திருப்பதால், புதிய ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழலாம். அப்பொழுது சில வயர்மேன்கள் அதைத் தாண்டி நேரே இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு இடங்கொடாதீர்கள், நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள். மீட்டர், அதற்கு முன்னுள்ள சீல் இவற்றில் கைவைக்கும் உரிமை நமக்கில்லை. அது மின்வாரியத்தைச் சேர்ந்தது. லைசென்ஸ் பெற்ற வயர்மேனையே அழையுங்கள்.

செலவைச் சொல்லி மலைப்போர் உண்டு. வரவேற்புப் பந்தலில் ஒரு நாள் எரியும் சீரியல் விளக்குகளுக்கு நாம் கணக்குப் பார்த்ததில்லை. ஆதரவற்ற விதவைகள் வசிக்கும் இல்லங்களுக்கு இவ்வருஷத்து ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கலாமென்று நிர்வாகக் கமிட்டியில் பிரஸ்தாபித்திருக்கிறோம். விருந்தில் ஒரு பாயசம் குறையும் என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. அங்கத்தினர்கள் தங்கள் அபிப்பிராயத்தைக் காரியதரிசிக்கு எழுதுவார்களாக.

முதலில் நம் சங்க மண்டபத்துப் பலகையே மாறவேண்டுமல்லவா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதைக் கழற்றுகிறார்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கும் முறையையும் அன்று காட்டுவார்கள். நம் சகோதரிகள் அவசியம் வரவேண்டும். மாலை வரையில் விசிறி சுழலாதாகையால் கைவிசிறி கொண்டு வருவது நலம்.