அவையில் நம் மொழி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



"பாராளுமன்றமும் நாமும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். ஏலக்காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் வாரமெல்லாம் உழைத்துவிட்டு, பிள்ளைகளின் ஆடலையும் பாடலையும் கண்டு மகிழ அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் சட்டத்தைப் பற்றிப் பேசுவது, விருந்தின் நடுவே கஷாயம் பரிமாறுவது போலாகும் என்று அஞ்சினேன். ஆயினும் இந்த மலைக்குளிருக்குச் சுக்குக் கஷாயம் நல்லதுதானே என்று துணிந்து வந்து நிற்கிறேன்.

முதலில், என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அடுத்த வரிசையில் குடியிருந்த ஒரு பாட்டி, அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வீடு வேண்டி அவர் கொடுத்திருந்த மனுவிற்கு வந்த பதில் அது. முழுவதும் மலையாளத்தில் இருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும். எழுத்து அப்போது சரளமாக வாராது. பள்ளியில் பயிலும் என் மகள் அதை உரக்கப் படித்தாள். விசாரணை நாளைக் குறிப்பிட்டு, நேரில் வந்து பேச "அவகாசம் உண்டு" என்று கடிதம் முடிந்தது. "அவகாசம் உண்டாமே! அப்படியானால் பதற்றம் வேண்டா. கொழுந்து வேலை முடிந்ததும் போய்க்கொள்ளலாம்" என்றார் பாட்டி. நானும் தலையசைத்தேன்.

தமிழில் அவகாசம் என்றால் நேரம். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. "அந்த நாளில் வந்து பேச உமக்கு உரிமை உண்டு" என்று சொன்ன கடிதத்தை, "நேரம் இருக்கிறது, மெதுவாக வரலாம்" என்று நாங்கள் கொண்டுவிட்டோம். நாள் கடந்தது. பட்டியலில் பாட்டியின் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் வருவதற்குள் பாட்டி கண்மூடிவிட்டார். அந்தத் தலையசைப்பை நினைக்குந்தோறும் என் நெஞ்சு சுடுகிறது.

நண்பர்களே! சிறிய அலுவலகத்திற்கும் ஏழைப் பாட்டிக்கும் இடையே நேர்ந்த இத்தகைய இடையூறு, சட்டம் செய்யும் பேரவையிலும் நேர்ந்தது என்றால் வியப்படைவீர்கள்.

2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தேவிகுளம் தொகுதியிலிருந்து வென்ற திரு. ஏ. ராஜா, மே 24ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அதே பேரவையில் மஞ்சேசுவரம் உறுப்பினர் கன்னடத்தில் உறுதிமொழி ஏற்றார். நூற்று நாற்பது உறுப்பினர்களைக் கொண்ட அவையில் நம் மொழி ஒலித்தது கேட்டு நாம் பெருமிதம் கொண்டோம். ஆனால் அந்தப் பெருமிதம் நெடுநாள் நிற்கவில்லை. "கடவுள் ஆணையாக" என்றோ "உளமார உறுதி கூறுகிறேன்" என்றோ ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டம் வகுத்த வாசகம். அவருக்குத் தரப்பட்ட தமிழாக்கத்தில் அப்பகுதி விடுபட்டிருந்தது. ஜூன் 2ஆம் நாள் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க வேண்டியதாயிற்று. முறைப்படி உறுதிமொழி ஏலாமல் அவையில் அமர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்பது அரசியலமைப்பின் 193ஆவது பிரிவு. ஐந்து நாள்களுக்கு 2,500 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

பணம் பெரிதன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள். மொழியைப் பேசும் உரிமை இருந்தது. பேசும் உறுப்பினரும் இருந்தார். அவ்வாசகத்தைக் கவனமாகத் தமிழில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு குறைந்துபோயிற்று. இன்று நான் சொல்ல வந்த செய்தி இது ஒன்றே. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதை இரு மொழியிலும் சரியாகச் சொல்லவும் கேட்கவும் வல்ல ஆள் வேண்டும்.

இந்த உண்மையைக் கனடா நாட்டுப் பாராளுமன்றத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. கனடா எங்கே, நம் காலனி எங்கே என்று கேட்பீர்கள். இரு மொழி பேசும் மக்கள் ஓர் அவையில் கூடி எவ்வாறு சட்டம் செய்வது என்னும் கேள்வி அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

1867ஆம் ஆண்டில் கனடாக் கூட்டரசு தோன்றியபோதே, அதன் அமைப்புச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, பாராளுமன்ற விவாதங்களில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எதையும் பேசலாம் என்று உறுதி கூறியது. நடவடிக்கைக் குறிப்புகளும் சட்டங்களும் இரு மொழியிலும் வெளிவர வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் பிரெஞ்சு உறுப்பினர் ஒருவர் எழுந்து தம் மொழியில் பேசினால், ஆங்கில உறுப்பினர்களில் பலருக்கு விளங்காது. விளங்காத பேச்சுக்கு யார் மறுமொழி தருவார்? தம் கருத்து ஏறவேண்டுமானால் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்திலேயே பேச வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டில்தான், ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்த்து உறுப்பினர் செவியில் சேர்க்கும் ஏற்பாடு மக்களவையில் வந்தது. உரிமை கிடைத்ததற்கும் அது செவியில் ஏறியதற்கும் இடையே 92 ஆண்டுகள்!

அந்நாட்டின் தொல்குடி மக்களோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தனர். 2017ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபால்கன் வெல்லெட் என்னும் உறுப்பினர், தொல்குடிப் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றிக் கிரீ மொழியில் பேசினார். மொழிபெயர்ப்பு இன்மையால் அவையோர்க்கு அது விளங்கவில்லை. தம் உரிமை மீறப்பட்டதாக அவர் முறையிட்டார். மீறல் இல்லை என்று அவைத்தலைவர் தீர்ப்பளித்தார். அத்துடன் அச்செய்தி மடிந்துவிடவில்லை. அவையின் குழு ஒன்று அதனை ஆராய்ந்தது. 2018ஆம் ஆண்டில் குழுவின் அறிக்கையை அவை ஏற்றது. 2019 ஜனவரியில் அதே உறுப்பினர் கிரீ மொழியில் பேச, உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் ஒலித்தது. தீர்ப்பு ஒருமுறை எதிராக வந்ததும் சோர்ந்து அமர்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

நம்மவரும் அந்த அவையில் இடம்பெற்றனர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ராதிகா சிற்சபைஈசன் என்னும் நங்கை, 2011ஆம் ஆண்டில் கனடாப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். ஜனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொள்ளும் தீர்மானத்தை ஹரி ஆனந்தசங்கரி கொண்டுவர, 2016ஆம் ஆண்டில் அவை அதனை ஏற்றது. சென்ற நாட்டின் மொழியை நன்கு கற்று, அம்மொழியிலேயே தம் மொழிக்காக வாதாடி அவர்கள் வென்றார்கள்.

இனி நம் மலைகளுக்குத் திரும்புவோம். மொழிவழி மாநிலங்கள் பற்றிய விவாதம் 1955, 1956ஆம் ஆண்டுகளில் பாராளுமன்றத்தில் நடந்தபோது தேவிகுளம், பீருமேடு என்னும் பெயர்கள் தில்லி வரை ஒலித்தன. திருவிதாங்கூர்த் தமிழரின் தலைவரான மார்ஷல் நேசமணி அப்போது பாராளுமன்ற உறுப்பினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தில் நிலைத்தன. எல்லைக் கோடு எங்கே விழுந்தது என்பதைப் பற்றி நம் முன்னோர் வருந்தியதுண்டு. ஆனால் கேரளம் நமக்குச் சோறிட்ட மண். நம் பிள்ளைகள் பிறந்த மண். இன்று நம் வழக்கு எல்லையைப் பற்றியதன்று. எல்லைக்கு இப்பால் நம் மொழிக்குள்ள இடத்தைப் பற்றியது.

அந்த இடத்தை அரசியலமைப்புச் சட்டமே தந்திருக்கிறது. எல்லை வகுத்த அதே 1956ஆம் ஆண்டில் நிறைவேறிய ஏழாவது திருத்தம், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயலுமாறு மாநிலங்களைப் பணித்தது. மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் குறைகூறி மனுக் கொடுக்கலாம் என்கிறது 350ஆவது பிரிவு. அவையின் மொழிகளில் தம் கருத்தைத் தக்கவாறு சொல்ல இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது 210ஆவது பிரிவு.

கனடா தன் ஆட்சிமொழிச் சட்டத்தை இயற்றியது 1969இல். அதே 1969ஆம் ஆண்டைத் தாங்கியது கேரள ஆட்சிமொழிச் சட்டமும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும், துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். அவர்களுக்கு விடையும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்னும் விதி அச்சட்டத்தில் இடம்பெற்றது. பாட்டியின் கடிதத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். "எனக்குத் தமிழில் விடை தாருங்கள்" என்று கேட்கும் வழி இருந்தது. கேட்கலாம் என்று அவருக்குச் சொல்வார் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவன் திண்ணையில் தலையசைத்துக்கொண்டிருந்தான்!

சட்டமன்றத்தின் வேலை ஒரு நாளில் முடிவதன்று. மசோதா அவையில் வைக்கப்படுகிறது; துறைவாரியான குழுவிற்குச் செல்கிறது; பிரிவு பிரிவாக விவாதிக்கப்படுகிறது; நிறைவேறிய பின் ஆளுநரிடம் போகிறது. மசோதா குழுவிடம் இருக்கும்போது நம் உறுப்பினருக்குச் செல்லும் ஒரு கடிதத்திற்கு மதிப்புண்டு. யாவும் முடிந்தபின் தேநீர்க் கடையில் நாம் பேசும் நூறு பேச்சும் காற்றோடு போகும்.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், இரு மொழியும் எழுதப் படிக்க வல்ல இருவர் சங்கத்தில் அமர்ந்து, வருவோரின் கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும்; மனுக்களைத் தமிழில் எழுதி, தமிழிலேயே விடை வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஒரு குறிப்பேடு தொடங்க வேண்டும். அவகாசம் போல இரு மொழியிலும் ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்களை அதில் எழுதி வைப்போம். அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். நமக்கு அது ஊரை அழிக்கும் பெருக்கு. மூன்றாவது, நம் பிள்ளைகள் தமிழைப் பிழையறக் கற்கட்டும். மலையாளத்தையும் அவ்வாறே கற்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விடுவோர் இரு கரைக்கும் ஆகாதவர் ஆவர். இரண்டையும் கற்றோரே பாலமாவர்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் ஒருவர் நாளை சட்டமன்ற உறுப்பினராகலாம். அது பெரும்பேறு. ஆனால் உறுப்பினர் படிக்கும் தமிழ் வாசகத்தைப் பிழையின்றி எழுதித் தரும் மொழிபெயர்ப்பாளராக ஒருவர் சென்றால், அதனையும் சிறு பேறு என்று நான் சொல்ல மாட்டேன். அன்று திண்ணையில் கடிதம் படித்த என் மகள், இப்போது கல்லூரியில் இரு மொழியும் பயில்கிறாள். வரும் ஞாயிறு முதல் அவளும் நானும் சங்கத்தில் அமர்கிறோம். வீட்டில் படிக்காத கடிதம் இருந்தால் தயங்காமல் எடுத்து வாருங்கள். இம்முறை தலையசைப்பதற்கு முன் அகராதியைப் பார்ப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.