ஆகாயத்தில் ஒரு சொல்

(குறிஞ்சிப்பாடி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விமான விபத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். தறியும் நாற்றங்காலுமாக வாழ்கிறவர்களுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்கள். சம்பந்தம் உண்டு.

விமானத்தில் ஏறுகிறவர் எல்லாம் பணக்காரர் என்றிருந்த காலம் போய்விட்டது. நம் கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்தே வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! இந்திய மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்தில் மாண்டவர்களில் ஏராளமானோர் அப்படிப் பிழைப்புத் தேடிப் போனவர்கள்தான்.

வயல்களில் விழுந்த விமானங்கள்

1996 நவம்பர் 12, மாலை நேரம். தில்லியிலிருந்து சவூதி நாட்டு ஜம்போ விமானம் 312 பேருடன் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கஜகஸ்தானிலிருந்து 37 பேருடன் வந்த இன்னொரு விமானம் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டும் நடுவானில் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உடல்களும் இரும்புத் துண்டுகளும் விவசாயிகளின் வயல்களில் வந்து விழுந்தன.

ஆகாயத்தில் சாலை கிடையாது, கைகாட்டி மரம் கிடையாது. அங்கே உயரம்தான் சாலை. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி வேண்டும். யார் எந்த உயரத்தில் போவது என்பதைத் தரையில் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரி ரேடியோவில் சொல்லுவார். அன்று சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று உத்தரவு. எதிரே ஒரு விமானம் வருகிறது, பார்த்துக்கொள் என்று கஜகஸ்தான் விமானத்துக்கு எச்சரிக்கையும் போயிற்று. பதிலும் வந்தது. ஆனால் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

உத்தரவு எத்தனை கை மாறியது?

நீதிபதி லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. கொடுத்த உயரத்தைக் கஜகஸ்தான் விமானிகள் காக்கவில்லை, அவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை, தங்களுக்குள் ஒத்திசைந்து வேலை செய்யவும் இல்லை என்று முடிவு கூறப்பட்டது.

அந்த விமானத்துக்குள் நடந்த வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தரையோடு பேசியவர் விமானி அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். உயரத்தைக் காட்டும் கருவி அவருக்கென்று கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். சொந்த நாட்டில் அவர்களுக்குப் பழக்கம் மீட்டர் கணக்கு. இங்கே அடிக் கணக்கு. ஆக, ஓர் உத்தரவு ஆங்கிலத்தில் வந்து, ஒருவர் காதில் விழுந்து, வேறு மொழிக்கும் வேறு அளவுக்கும் மாறி, இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசி நிமிஷத்தில் அந்த ஆபரேட்டர்தான் உயரம் தவறிவிட்டதைக் கண்டு, மேலே ஏறும்படி சொன்னார். காலம் கடந்துவிட்டது.

சரி, "விமானியின் தவறு" என்று எழுதி விவகாரத்தை முடித்துவிடலாமா? கூடாது. அன்று தில்லியில் பயணிகள் விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழிதான் இருந்தது. மீதி ஆகாயத்தில் பெரும்பகுதி ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் புது வகை ரேடாரும் அங்கே உபயோகத்தில் இல்லை. விமானி சொன்ன உயரத்தை நம்புவதைத் தவிர அதிகாரிக்கு வேறு வழியில்லை. எதிரே வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி அன்று நம் நாட்டில் கட்டாயமும் இல்லை. பிறகு வழிகள் பிரிக்கப்பட்டன, ரேடார் வந்தது, கருவியும் கட்டாயமாயிற்று. எல்லாம் 349 உயிர் போன பிறகு!

மனிதன் தவறு செய்வான். அது இயற்கை. ஒருவன் செய்யும் ஒரு தவறு நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்லும்படி ஏற்பாட்டை வைத்திருப்பது இயற்கை அல்ல.

மலையைத் தாண்டியாயிற்றா?

இன்னொன்று. 1966 ஜனவரி 24 அன்று, விஞ்ஞானி ஹோமி பாபாவும் கப்பல் தொழிலாளிகள் பலரும் பயணம் செய்த ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் ஐரோப்பாவில் மோன்ட் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேரும் இறந்தார்கள். திசை காட்டும் கருவிகளில் ஒன்று முன்பே பழுதாகியிருந்தது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி எண்ணினார். தாண்டவில்லை என்பது ரேடாரில் பார்த்த அதிகாரிக்குத் தெரிந்தது. அவர் சொல்லவும் செய்தார். ஆனால் அந்த வாசகம் துலக்கமாக இல்லை. விமானி அதைத் தமக்குச் சாதகமாகவே புரிந்துகொண்டு கீழே இறங்கினார். "நீங்கள் இன்னும் மலையைத் தாண்டவில்லை" என்று பட்டவர்த்தனமாக ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்!

கேட்டவர் வாயடைத்துப் போனார்

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். அனுமதி வருவதற்கு முன்பே ஒரு விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. அதில் இருந்த எஞ்சினியர், எதிர் விமானம் பாதையை விட்டுப் போகவில்லையோ என்று சந்தேகம் கேட்டார். தலைமை விமானி, கம்பெனியிலேயே பெரிய மனிதர். போய்விட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். எஞ்சினியர் அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய சந்தேகம்தான் சரி!

இந்தச் சாவுகளிலிருந்து உலகம் சில விதிகளைக் கற்றது. உத்தரவைக் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான் இருக்க வேண்டும். வெளிநாடு செல்லும் விமானிகளுக்கும் அவர்களோடு பேசும் அதிகாரிகளுக்கும் 2008 முதல் ஆங்கிலப் பரீட்சை உண்டு. கீழே உள்ளவர் சந்தேகம் கேட்டால் மேலே உள்ளவர் நின்று கேட்க வேண்டும் என்று பயிற்சியும் தருகிறார்கள்.

நமக்கு என்ன?

தோழர்களே, மின்கம்பத்தில் ஏறுகிறவர் "லைன் கட்டா?" என்று கேட்கிறார். கீழேயிருந்து "ஆச்சு" என்று குரல் வருகிறது. எது ஆச்சு? எந்த லைன்? மில்லின் இரைச்சலில் "போடு" என்பதும் "போடாதே" என்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். மெஷினுக்குள் கை வைத்திருப்பவனுக்கு அது உயிர்ப் பிரச்னை. பக்கத்தில் நிற்கும் பீகார், ஒடிசா தொழிலாளிக்கு நம் மொழியே தெரியாது. அவனுக்கு யார் விளக்கிச் சொல்லுகிறார்கள்?

ஆகவே, உத்தரவைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை நாமே ஏற்படுத்திக்கொள்வோம். "இரண்டாம் நம்பர் லைன் கட்" என்று முழுதாகச் சொல்வோம். அதையே திருப்பிக் கேட்போம். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டும், அதற்காக ஒரு நாள் கூலியும் பிடிக்கக் கூடாது என்று கோருவோம். பாதுகாப்புக் கருவி விபத்துக்கு முன்பே வரவேண்டும் என்று கேட்போம். விபத்து நடந்ததும் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அறிக்கை வந்தால், கருவி எங்கே, உத்தரவு கொடுத்தவர் யார், எந்த மொழியில் கொடுத்தார் என்று கேட்போம்.

மறுபடி கேட்கத் தயங்கிய ஒரு கேள்விக்கு டெனரீஃபில் 583 பேர் விலை கொடுத்தார்கள். நாம் தயங்க வேண்டாம், தோழர்களே!